வீட்டு பேக்கப்புக்கு காத்தாடி வாங்கி 1,28,000 ரூபா விட்ட கதை, வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிங்க

எங்க வீடு கன்னியாகுமரி மாவட்டத்துல தோவாளை பக்கம். பூச்சந்தைக்கு வந்தவங்களுக்கு ஊரு தெரிஞ்சிருக்கும். வாசல்ல நின்னு வடக்கால பாத்தா ஆரல்வாய்மொழி மலையும் வரிசையா சுத்துற காத்தாடிகளும் தெரியும், எங்க ஊர்ப்பக்கம் காற்றாலைன்னு யாரும் சொல்ல மாட்டோம், காத்தாடிதான். ஆனி ஆடியில துணி காயப் போட்டா ரெண்டு கிளிப்பு போடணும், இல்லன்னா பக்கத்து வாழைத்தோட்டத்துல போய்த்தான் பொறுக்கணும். இப்படிப்பட்ட ஊர்ல இருந்துக்கிட்டு வீட்டுக்கு ஒரு சின்ன காத்தாடி போட்டா கரண்ட் பிரச்சனையே இருக்காதுன்னு நான் நெனச்சது தப்புன்னு இப்பவும் எனக்கு தோணல, யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பாங்க. ஆனா அந்த நெனப்புக்கும் நெஜத்துக்கும் நடுவுல என்ன இருக்குன்னு எடுத்துச் சொல்ல ஒரு ஆள் இல்லாம போச்சு. அதனாலதான் எல்லாத்தையும் வரிசையா எழுதுறேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

எல்லாம் ஆரம்பிச்சது ஒக்கி புயல்லதான். 2017 நவம்பர் 30, வியாழக்கிழமை. விடியக்காலையிலயே கரண்ட் போயிடுச்சு. காத்தும் மழையும் அடிச்ச அடியில வாழை, ரப்பர், தென்னை எல்லாம் சாஞ்சு போஸ்ட்டு மேலயும் ரோட்டு மேலயும் கெடந்துச்சு. கடலுக்கு போன எத்தனையோ பேர் திரும்பி வரவே இல்ல, அந்த வீடுகளோட துக்கத்துக்கு முன்னாடி எங்க கஷ்டம் ஒண்ணுமே இல்லன்னு எனக்கு தெரியும். ஆனா எங்க வீட்லயும் ஒரு உயிர் போராட்டம் நடந்துச்சு. எங்க அப்பாவுக்கு நுரையீரல் கோளாறு, ஒரு நாளைக்கு நாலு தடவை நெபுலைசர், அதான் மருந்த புகை மாதிரி ஆக்கி மூச்சுல இழுக்க வைக்கிற மெஷின், வைக்கணும். வீட்ல இருந்த பழைய இன்வெர்ட்டர்ல ஃபேன், லைட், ஃபிரிட்ஜ், நியூஸ் பாக்க டிவின்னு எல்லாத்தையும் ஓட விட்டுட்டோம், மத்தியானத்துக்குள்ள பேட்டரி செத்துப் போச்சு. என் வீட்டுக்காரர் மஸ்கட்ல இருக்காரு, ஃபோன் டவரும் இல்லாததால அவருக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியல. நானும் அப்பாவும் மட்டும்தான். தெருக்கோடியில ஒரு வீட்ல பெட்ரோல் ஜெனரேட்டர் இருந்துச்சு, அவங்க நல்லவங்க, ஒரு தடவை கூட முகம் சுளிக்கல. ஆனா 9 நாள், நாளுக்கு மூணு நாலு தடவை அப்பாவை கைத்தாங்கலா கூட்டிக்கிட்டு சாஞ்ச மரத்த தாண்டித் தாண்டி அந்த வீட்டுக்கு போனப்போ எனக்குள்ள என்னவோ உடைஞ்சுடுச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பாவுக்கு மூச்சு இளைக்குது, அடுத்த வீட்டு கதவ தட்டணுமா விடியட்டும்னு பாக்கணுமான்னு அவரு நெஞ்சுல கைய வச்சுக்கிட்டு உக்காந்திருந்த அந்த ரெண்டு ராத்திரியை என்னால மறக்க முடியல. கரண்ட் வந்த அன்னைக்கு முடிவு பண்ணேன், இனிமே இன்னொரு வீட்டு வாசல்ல போய் நிக்கக் கூடாதுன்னு.

இங்க ஒரு விஷயத்த சொல்லிடறேன், இதை நான் அன்னைக்கு செஞ்சிருந்தா இந்த கதையே இல்ல. எனக்கு எவ்வளவு கரண்ட் தேவைன்னு ஒரு பேப்பர்ல எழுதிப் பாக்கவே இல்ல. பயத்துல இருக்கும்போது பெருசா எதையாவது வாங்கணும்னுதான் தோணும், கணக்கு போட தோணாது. ரொம்ப நாள் கழிச்சு போட்டுப் பாத்தேன். நெபுலைசர் 100 வாட், ஒரு தடவைக்கு 10 நிமிஷம், நாலு தடவைக்கு 70 வாட் அவர் கூட வராது. 9 வாட் எல்இடி பல்பு மூணு, 5 மணி நேரம் எரிஞ்சா 135. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், அதுக்கு பதிலா பிஎல்டிசி ஃபேன் போட்டா 28 வாட்தான், 10 மணி நேரத்துக்கு 280. ஃபோன் சார்ஜ் எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு 500 வாட் அவர், அதாவது அரை யூனிட். நல்ல நெலமையில ஒரு 150 ஆம்பியர் அவர் பேட்டரி இருந்திருந்து, அதுல டிவியும் ஃபிரிட்ஜும் ஓட்டாம இருந்திருந்தாலே முதல் ரெண்டு நாள் தாண்டியிருக்கும். நீங்க எதை வாங்க போனாலும் சரி, முதல்ல இந்த கணக்க எழுதுங்க. எது இல்லாம உயிர் வாழ முடியாதோ அதை மட்டும் ஒரு பட்டியல்ல எழுதுங்க, வசதிக்கு வேணுங்கிறத தனியா எழுதுங்க. ரெண்டுக்கும் நடுவுல ஆயிரக்கணக்குல பணம் இருக்கு.

சரி, கதைக்கு வரேன். 2018 பிப்ரவரியில சின்ன காத்தாடி விக்கிற ஒருத்தரை ஃபோன்ல பிடிச்சேன். ஆளு நேர்ல வந்தாரு, வீட்டு மாடியில ஏறி நின்னு முடி பறக்குறத பாத்துட்டு, "டீச்சர், உங்க எடத்துக்கு காத்து கொட்டிக் கெடக்கு, ஆயிரம் வாட் மெஷின் போட்டா ஒரு நாளைக்கு 24 யூனிட் வரும், கரண்ட் ஆபீஸ் பக்கமே போக வேண்டாம்"னாரு. ஆயிரம் வாட், 24 மணி நேரம், அதனால 24 யூனிட். பெருக்கல் சரியாத்தானே இருக்கு. நான் தமிழ் டீச்சர், இதுல என்ன கேக்கணும்னு எனக்கு தெரியல. வீட்டுக்காரரும் மஸ்கட்ல இருந்து "அப்பாவுக்கு வேணும்ல, போட்டுடு"ன்னு பணம் அனுப்பிட்டாரு. காத்தாடியும், அதுல இருந்து பேட்டரிக்கு சார்ஜ் போறத கட்டுப்படுத்துற கன்ட்ரோலரும் 62,000. 150 ஆம்பியர் அவர் ட்யூபுலர் பேட்டரி ரெண்டு 27,000. 24 வோல்ட் இன்வெர்ட்டர் 11,500. மாடியில பைப்பு நட்டு கேபிள் இழுத்து கூலியோட 14,500. மொத்தம் 1,15,000. ஏப்ரல்ல மாட்டி முடிச்சாங்க. அஞ்சு இறக்கை, பாக்க அழகா இருந்துச்சு. அப்பா நாற்காலிய மாடிக்கு கொண்டு வரச் சொல்லி அது சுத்துறத பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாரு, எனக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

மே மாசக் கடைசியில காத்து ஏறுச்சு, அப்பத்தான் சத்தம் ஆரம்பிச்சுது. இறக்கை சுத்துற சத்தம் கூட பரவால்ல, பைப்பு வழியா அதிர்வு எறங்கி சுவரெல்லாம் ஊஊன்னு ஒரு முனகல். பகல்ல தெரியாது, ராத்திரி படுத்தா தலையணைக்குள்ளயே கேக்கும். அப்பாவுக்கு ஏற்கனவே தூக்கம் கம்மி. பக்கத்து வீட்டு அக்கா கைக்குழந்தைய வச்சிருந்தாங்க, ரெண்டு வாரம் பொறுத்துப் பாத்துட்டு ஒரு நாள் வந்து, "கோவிச்சுக்காத மக்ளே, பிள்ள தூங்க மாட்டேங்குது"ன்னு தயங்கித் தயங்கி சொன்னாங்க. ஜூன் மழையில மாடி கைப்பிடிச் சுவர் ஓரமா விரிசல் விட்டு அப்பா படுக்குற ரூம்ல ஒழுக ஆரம்பிச்சிடுச்சு. தயவு செஞ்சு வீட்டுச் சுவத்துலயோ மாடியிலயோ காத்தாடி மாட்டாதீங்க, எவ்வளவு சின்னதா இருந்தாலும் சரி. ரப்பர் வாஷர் போட்டா அதிர்வு வராதுன்னு சொல்வாங்க, நானும் போட்டுப் பாத்தேன், கொஞ்சம் கொறஞ்சுது, நிக்கல. இன்னொரு விஷயம், மாடி மேல காத்து நேரா வராது. வீட்டுச் சுவத்துல மோதி மேல எழும்பி சுழிச்சுக்கிட்டு வரும். ஆத்துல பாறைக்கு பின்னாடி தண்ணி எப்படி சுழிக்கும் அது மாதிரி. என் காத்தாடி ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் திரும்பும், அடுத்த நிமிஷம் அந்தப் பக்கம் திரும்பும், திரும்புறதுலயே நேரம் போயிடும். சுத்துறத பாத்தா வேகமா சுத்துற மாதிரி இருக்கும், ஆனா பேட்டரிக்குள்ள போறது ஒண்ணும் இல்ல.

எவ்வளவு போகுதுன்னு எப்படி தெரிஞ்சுதுன்னு கேட்டீங்கன்னா, எங்க ஸ்கூல் ஃபிசிக்ஸ் சார்தான் ஒரு டிசி கிளாம்ப் மீட்டரோட வந்து அளந்து காமிச்சாரு. நல்ல காத்துன்னு நான் நெனச்ச நேரத்துல 30 வாட், 40 வாட். ஊதல் வரும்போது 180 வரைக்கும் போய்ட்டு உடனே எறங்கிடும். நான் மீட்டர் கெட்டுப் போச்சான்னு கேட்டேன். அவரு சிரிக்கல, மறுநாள் ஸ்டாஃப் ரூம் போர்டுல எழுதியே காமிச்சாரு. காத்தோட வேகம் பாதியா கொறஞ்சா கரண்ட் பாதியா கொறையாது, எட்டுல ஒரு பங்கா கொறையும், ஏன்னா சக்தி வேகத்தோட மும்மடிக்கு ஏத்த மாதிரி வரும். 1000 வாட்டுன்னு பொட்டி மேல போட்டிருக்கிறது நொடிக்கு 12 மீட்டர் வேகத்துல, அதாவது மணிக்கு 43 கிலோமீட்டர் வேகத்துல காத்து நிக்காம அடிச்சா வர்ற கணக்கு. அப்படி அடிச்சா குடை பிடிக்கவே செரமம். எங்க மாடியில சீசன் நேரத்துல இருக்குறதே 18 கிலோமீட்டர் சுமார்தான், அப்போ அதே மெஷின் பதினாலுல ஒரு பங்கு கூட முழுசா தராது.

அதுக்கப்புறம் அவரு டேப்பை எடுத்து இறக்கையை அளந்தாரு, அதுதான் எனக்கு பெரிய அடி. இந்த முனையிலருந்து அந்த முனை வரைக்கும் 1.3 மீட்டர். இதை நீங்க கட்டாயம் மனசுல வச்சுக்கோங்க, விக்கிறவங்க சொல்ற வாட்ட நம்பாதீங்க, இறக்கை சுத்துற வட்டத்த அளந்து பாருங்க. விட்டத்தை விட்டத்தால பெருக்கி, அதை 0.785ஆல பெருக்கினா வட்டத்தோட பரப்பு, எனக்கு வந்தது 1.33 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர்ல 12 மீட்டர் வேகக் காத்துல இருக்கிற மொத்த சக்தியே சுமார் 1,040 வாட்தான். என் வட்டத்துக்கு கணக்கு பண்ணா 1,380. அதுல 59 சதவீதத்துக்கு மேல உலகத்துல எந்த காத்தாடியாலயும் எடுக்க முடியாதுன்னு பெட்ஸ்ங்கிற ஜெர்மன்காரர் நூறு வருஷத்துக்கு முன்னாடியே நிரூபிச்சு வச்சிருக்காரு. 59 சதவீதம்னா 814 வாட். இந்த மாதிரி சின்ன மெஷின் நெஜத்துல எடுக்கிறது 25, 30 சதவீதம், அதாவது 400 வாட் வந்தா பெருசு. ஆக எனக்கு ஆயிரம் வாட்டுன்னு வித்த சாமான் அவங்க சொல்ற அந்த 12 மீட்டர் வேகக் காத்துலயும் ஆயிரம் வாட் குடுக்க முடியாது, அதுக்கு கடவுளே வந்தாலும் வழி இல்ல. 12 மீட்டர் வேகத்துல ஒரு நெசமான ஆயிரம் வாட்டுக்கு குறைஞ்சது 2 மீட்டர் விட்டம் வேணும். அன்னைக்கு ஸ்டாஃப் ரூம்ல நான் ஒண்ணும் பேசல. வீட்டுக்கு வந்து குளிக்கிற ரூம்ல நின்னு அழுதேன். வீட்டுக்காரர் அந்த வெயில்ல நின்னு சம்பாதிச்ச பணம்.

வித்த ஆளுக்கு ஃபோன் போட்டேன். "மாடியில வச்சா அப்படித்தான் டீச்சர், கீழ டவர் போட்டு ஒசரமா தூக்குங்க"ன்னாரு. மாடியில வச்சதே அவரு ஆளுங்கதான்! ஆனா போட்ட பணத்த எப்படியாவது காப்பாத்தணும்னு மனசு கெடந்து துடிக்கும் பாருங்க, அது ஒரு பொல்லாத நேரம், அந்த நேரத்துலதான் அடுத்த பணம் போகும். ஜூலையில பின்பக்கம் காங்கிரீட் போட்டு 40 அடி ஜிஐ பைப்பு, நாலு பக்கமும் இழுத்துக் கட்ற கம்பி, ஆள் கூலி எல்லாம் சேத்து 36,000. மாடி ஒழுகுறத சரி பண்ண 8,000. கொஞ்சம் முன்னேற்றம் இருந்துச்சு, சத்தமும் வீட்டுக்குள்ள வரல. ஆனா எங்க பின்பக்கம் தென்னைங்க 55 அடி ஒசரம். சுத்துவட்டாரத்துல 500 அடிக்குள்ள இருக்கிற மரம், வீடு எதுவா இருந்தாலும் அதை விட 30 அடி மேல இறக்கையோட கீழ் முனை இருக்கணுங்கிறது இந்த தொழில்ல எல்லாரும் சொல்ற விதி. அந்த கணக்குக்கு எனக்கு 85 அடிக்கு மேல டவர் வேணும், காத்தாடிய விட டவர் விலை ஜாஸ்தி. மலையடிவாரத்துல சுத்துதே பெரிய காத்தாடிங்க, அதுல புதுசு எல்லாம் 80 மீட்டர், 100 மீட்டர் ஒசரத்துல நிக்குது, அதுவும் கணவாய் வாயில வெட்டவெளியில. ஒரே ஊர்தான், ஆனா அது வாங்குற காத்து வேற, என் தென்னை மரத்துக்கு கீழ வர்ற காத்து வேற.

இதுக்கு செலவே இல்லாம ஒரு சோதனை இருக்கு, எனக்கு ரொம்ப பின்னாடிதான் தெரிஞ்சுது. ஒரு பட்டத்துல நூல் பூராவும் பத்தடிக்கு ஒரு ரிப்பன் கட்டி பறக்க விடுங்க. எந்த ஒசரத்துல ரிப்பன் ஒரே பக்கமா நீட்டிக்கிட்டு நிக்குதோ அங்கதான் நல்ல காத்து, கீழ இருக்கிற ரிப்பன் எல்லாம் கண்டபடி துள்ளுச்சுன்னா அந்த ஒசரத்துல காத்தாடி வச்சு பிரயோஜனம் இல்ல. கையில பிடிக்கிற காத்து மீட்டர் 1,500 ரூபாய்க்கு கெடைக்குது, ஒரு வருஷம் இல்லன்னாலும் ஆடியில ஒரு மாசம் ஐப்பசியில ஒரு மாசமாவது தினமும் காலை சாயங்காலம் எழுதி வைங்க. 1,500 ரூபாயும் ஒரு நோட்டும் என் லட்ச ரூபாயை காப்பாத்தியிருக்கும்.

இப்ப சொல்லப் போறது பணத்தைப் பத்தினது இல்ல. அந்த ஆகஸ்ட்ல ஒரு ஞாயித்துக்கிழமை, காத்து நல்லா அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. பேட்டரி டெர்மினல்ல பச்சையா பூத்திருந்துச்சு, சுத்தம் பண்ணலாம்னு கழட்டினேன். சாதாரண இன்வெர்ட்டர்ல இப்படி எத்தனையோ தடவை செஞ்சிருக்கேன். கழட்டின ரெண்டாவது நிமிஷம் கன்ட்ரோலர்ல இருந்து பட்டுன்னு ஒரு சத்தம், கருகின வாடை, பொகை. அதோட வெளிய காத்தாடி சத்தமே மாறிடுச்சு, ஆஸ்பத்திரி வண்டி சைரன் மாதிரி ஏறிக்கிட்டே போச்சு. என்ன நடந்துச்சுன்னா, பேட்டரிதான் அதுக்கு பாரம், அந்த பாரம்தான் அதை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. பேட்டரிய எடுத்ததும் பாரம் இல்லாம அவுத்து விட்ட மாடு மாதிரி ஓட ஆரம்பிச்சிடுச்சு, வோல்டேஜ் எகிறி கன்ட்ரோலர தின்னுடுச்சு. இழுத்துக் கட்டின கம்பியெல்லாம் வீணை மாதிரி அதிருது. கிட்ட போக பயம், நிறுத்த வழி தெரியல, தனியா ஒரு பிரேக் சுவிட்ச் அவங்க வைக்கவே இல்ல. அப்பாவை முன் ரூமுக்கு கூட்டிட்டு வந்து கதவை சாத்திக்கிட்டு உக்காந்தோம். 40 நிமிஷம். நடுவுல ஒரு இறக்கையோட நுனி பிஞ்சு பறந்து பக்கத்து வாழைத்தோட்டத்துல போய் குத்தி நின்னுச்சு. அன்னைக்கு அங்க யாரும் வேலை செய்யல, அது ஒண்ணுதான் தெய்வம் செஞ்ச உதவி. காத்து கொஞ்சம் எறங்கினப்போ எலக்ட்ரீசியன் தம்பி வந்து காத்தாடியில இருந்து வர்ற மூணு ஒயரையும் ஒண்ணா சேத்து ஷார்ட் பண்ணாரு, பல்லக் கடிச்ச மாதிரி மெதுவாகி நின்னுச்சு. அன்னைக்கு ராத்திரி அப்பா, "போதும் மக்ளே, கழட்டிப் போட்ரு"ன்னாரு. எனக்கு கேக்க மனசு வரல.

அதனால யாராவது ஏற்கனவே போட்டிருந்தீங்கன்னா இதை மட்டும் உடனே பாருங்க. மூணு ஒயரையும் சேத்து நிறுத்துற பிரேக் சுவிட்ச் கை எட்டுற எடத்துல இருக்கணும், காத்து கம்மியா இருக்கும்போது அதை போட்டு காத்தாடி நின்னதுக்கு அப்புறம்தான் பேட்டரி மேல கை வைக்கணும். முழு வேகத்துல ஓடும்போது ஷார்ட் பண்ணா உள்ள காயில் கருகிப் போக வாய்ப்பு இருக்கு, அதனால புயல் வருதுன்னு சொன்னா காத்து ஏறுறதுக்கு முன்னாடியே நிறுத்திடுங்க, முடிஞ்சா டவரோட கீழ எறக்கிடுங்க. பேட்டரி நிறைஞ்சா மிச்ச கரண்ட எரிச்சு தள்ளுற டம்ப் லோடுன்னு ஒரு ரெசிஸ்டர் இருக்கும், நல்லா சூடாகும், அதை மரப்பலகையில மாட்டாதீங்க, அதோட ஒயர் லூசா இருக்கான்னு மாசம் ஒரு தடவை பாருங்க. சோலார் பேனலுக்கான கன்ட்ரோலர இதுக்கு போடக் கூடாது, சோலார்ல பாரம் இல்லன்னா ஒண்ணும் ஆகாது, காத்தாடியில ஆகும். கேபிள் தடிப்பா இருக்கணும், 24 வோல்ட்ல தூரமா ஒல்லி ஒயர் இழுத்தா வர்ற கொஞ்சமும் வழியிலயே சூடாப் போயிடும். அப்பா சொன்னத அன்னைக்கே கேட்டிருக்கணும், கேக்காம புது கன்ட்ரோலர் 9,500, இறக்கை செட் 7,000 கொடுத்து செப்டம்பர்ல மறுபடி ஓட விட்டேன்.

ஆனா உண்மையில எனக்கு கண்ணு தெறந்தது நவம்பர்லதான். 2018 நவம்பர் 16ஆம் தேதி வேதாரண்யம் பக்கம் கஜா கரை கடந்துச்சு. டெல்டா பக்கம் தென்னந்தோப்பெல்லாம் சாஞ்சு கெடக்குறத டிவியில பாக்குறப்போ ஒக்கி ஞாபகம் வந்து கை நடுங்குச்சு. அப்படியே பின்பக்கம் வந்து நின்னு நிமிந்து பாத்தேன். என் காத்தாடி அசையாம நின்னுச்சு. ஒரு வாரமா அப்படித்தான் நின்னுக்கிட்டு இருந்துச்சு. அப்பத்தான் புரிஞ்சுது. எங்க ஊருக்கு காத்து வர்றது தென்மேற்கு பருவத்துல, மே கடைசியில இருந்து செப்டம்பர் வரைக்கும், கணவாய் வழியா. ஐப்பசி கார்த்திகையில அது ஓஞ்சு போயிடும். நம்மள படுத்துற புயல் எல்லாம் எப்ப வந்துச்சுன்னு பாருங்க. தானே 2011 டிசம்பர் 30, வர்தா 2016 டிசம்பர் 12, ஒக்கி நவம்பர் 30, கஜா நவம்பர் 16. எல்லாமே காத்தாடிக்கு காத்து இல்லாத மாசம். புயல் அடிக்கிற அந்த ஒரு நாள் காத்து இருக்கும், அன்னைக்கு அதை நிறுத்தி வைக்கணும். மறுநாள்ல இருந்து கரண்ட் இல்லாத அந்த ஒம்பது பத்து நாளும் காத்து செத்துப் போய்க் கெடக்கும். நான் எந்த ராத்திரிக்காக இதை வாங்கினேனோ அந்த ராத்திரிக்கு இது எனக்கு ஒரு பல்பு கூட எரிய விடாது. வருஷம் பூரா எவ்வளவு வருதுங்கிறது பேக்கப்புக்கு கேள்வியே இல்ல, கரண்ட் போற மாசத்துல எவ்வளவு வருதுங்கிறதுதான் கேள்வி. இதை என்கிட்ட யாரும் கேக்கல, எனக்கும் கேக்கத் தெரியல.

அதுக்கப்புறமும் ஒரு வருஷம் கழட்டாம வச்சு நோட்டுல எழுதினேன், கோவத்துலதான். 2018 செப்டம்பர்ல இருந்து 2019 ஆகஸ்ட் வரைக்கும். செப்டம்பர் 16 யூனிட், மே 13, ஜூன் 21, ஜூலை 27, ஆகஸ்ட் 24. மிச்ச ஏழு மாசமும் சேத்து 20 யூனிட். மொத்தம் 121. வித்த ஆளு அஞ்சு நாள்ல வரும்னு சொன்ன கணக்கு எனக்கு ஒரு வருஷத்துல வந்துச்சு. அப்போ கவர்மென்ட்டு வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசமா குடுத்துச்சு, அந்த கணக்குல பாத்தா என் ஒரு வருஷ கரண்ட் ரெண்டரை மாச இலவசத்துக்கு கூட காணாது. இதுல இன்னொரு கெடுதலும் இருக்கு, காத்து இல்லாத மாசத்துல பேட்டரி அரைகுறை சார்ஜ்லயே கெடந்தா லெட் ஆசிட் பேட்டரி உள்ள உப்பு படிஞ்சு சீக்கிரம் செத்துடும். நல்லவேளை ஃபிசிக்ஸ் சார் சொல்லி கரண்ட்லயும் சார்ஜ் ஏத்திக்கிட்டு இருந்தேன், இல்லன்னா அதுவும் போயிருக்கும்.

2019 அக்டோபர்ல எறக்கிட்டேன். மொத்தம் போட்டது 1,75,500. அதுல பேட்டரியும் இன்வெர்ட்டரும் 38,500, அது வேலைக்கு ஆச்சு. பைப்பையும் காத்தாடியையும் பழைய இரும்புக்கு போட்டதுல 9,000 வந்துச்சு. கணக்குப் பாத்தா 1,28,000 சுத்தமா போச்சு. எறக்கின அதே மாசம் 330 வாட் சோலார் பேனல் ரெண்டு, ஸ்டாண்டு, அதுக்கான கன்ட்ரோலர், கூலி எல்லாம் சேத்து 29,000ல அதே பேட்டரிக்கு இணைச்சேன். நல்ல வெயில்னா ஒரு நாளைக்கு ரெண்டரை யூனிட் வருது, மழை மூட்டம்னா மூணுல ஒரு பங்கு, சில நாள் அதுவும் இல்ல. ஆனா எனக்கு தேவை அரை யூனிட். சத்தம் இல்ல, சுத்துற சாமான் எதுவும் இல்ல, மாசம் ஒரு தடவை தொடைச்சு விடறதோட சரி. ஒரு எச்சரிக்கை, மானியத்துல போடுற ஆன் கிரிட் சோலார், அதாவது பேட்டரி இல்லாம கரண்ட் ஆபீஸ் லைனோட நேரா இணைக்கிறது, அது வேற. கரண்ட் போனா அதுவும் தானா நின்னுடும், லைன்ல வேலை செய்றவங்களுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு அப்படித்தான் செஞ்சு வச்சிருக்காங்க. பில் கொறைக்க அது நல்லது, புயல் ராத்திரிக்கு அது உதவாது. பேட்டரியோட சேந்து ஓடுறதா வேணும்னு கேட்டு வாங்கணும், நெறைய பேர் இதுல ஏமாந்து போறாங்க.

காத்தாடியே வேண்டாம்னு நான் சொல்லல. கடற்கரையில வெட்டவெளியில மரம் மட்டை இல்லாத எடம், மலை உச்சியில எஸ்டேட் பங்களா, கரண்ட் லைனே வராத தோட்டம், அங்கெல்லாம் சோலாரோட துணைக்கு ஒண்ணு வச்சா மழைக்கால ராத்திரியில அது கை கொடுக்கும். ஆனா வாங்குறதுக்கு முன்னாடி விக்கிறவங்ககிட்ட எத்தனை வாட்டுன்னு கேக்காதீங்க, நொடிக்கு 4 மீட்டர், 5 மீட்டர் வேகத்துல எத்தனை வாட்டுன்னு கேளுங்க, அந்த அட்டவணைய எழுத்துல வாங்குங்க. மத்திய அரசோட தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் சென்னை பள்ளிக்கரணையில இருக்கு, அவங்களோட சோதனை நிலையம் நம்ம கயத்தாறுலயே இருக்கு, சின்ன காத்தாடிங்கள அவங்க டெஸ்ட் பண்ணியிருக்காங்க. அந்த மாதிரி டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கான்னு கேட்டதும் பேச்ச மாத்தினா நீங்க கெளம்பிடலாம். ஏற்கனவே போட்ட ஒரு வீட்டைக் காட்டச் சொல்லுங்க, கார்த்திகை மாசத்துல போய்ப் பாருங்க, ஆடியில போகாதீங்க.

2023 டிசம்பர்ல 17, 18 தேதியில தென் மாவட்டம் பூரா பேய் மழை, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பெஞ்சுதே அந்த மழை. எங்க தெருவுல 31 மணி நேரம் கரண்ட் இல்ல. வெயில் எட்டியே பாக்கல, பேனல்ல இருந்து பேருக்குத்தான் ஏதோ வந்துச்சு. அந்த வருஷம்தான் பேட்டரி ரெண்டையும் புதுசா மாத்தியிருந்தேன். ரெண்டும் சேந்து 3,600 வாட் அவர், பாதிக்கு மேல இறக்கக் கூடாதுன்னு வச்சாலும் இன்வெர்ட்டர்ல போற நஷ்டம் போக 1,500 கையில நிக்கும், அதாவது வெயிலே இல்லாம மூணு நாள். ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பாவுக்கு இளைப்பு வந்துச்சு. எந்திரிச்சு நெபுலைசர் சுவிட்ச போட்டேன், ஓடுச்சு. அவ்வளவுதான். பத்து நிமிஷத்துல அவரு தூங்கிட்டாரு, நான் ரொம்ப நேரம் அந்த மெஷினோட பச்சை லைட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

இப்பல்லாம் ஐப்பசி பொறந்ததும் டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தி, டெர்மினல் தொடைச்சு, பேனல கழுவி விட்டுடறேன். புயல் எச்சரிக்கை வந்தா முதல் வேலையா மேல் தொட்டி நெறைய தண்ணி ஏத்திடறேன், ஏன்னா ஒரு எச்பி மோட்டார இந்த இன்வெர்ட்டர்ல இழுக்க முடியாது. ஃபிரிட்ஜ் பிளக்க புடுங்கிடறேன். நெபுலைசருக்கு வேண்டிய மருந்து பத்து நாளைக்கு எடுத்து வச்சிடறேன். அப்பா ரூம் ஃபேனும் ஒரு பல்பும் நெபுலைசர் பிளக்கும் மட்டும் தனி லைன்ல இருக்கு, மத்ததெல்லாம் ஒரே சுவிட்ச்ல ஆஃப் பண்ணிடலாம், அந்த லைன் பிரிக்க எலக்ட்ரீசியன் தம்பி வாங்கினது 1,800 ரூபா.